ஒன்றரை அடிப் பந்தலில் தாய்மாமன்

தாய்மாமனுக்குக் கால் மடங்கவில்லை.

இளஞ்செழியன் அவரை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து அமுக்கிப் பார்த்தான். நகத்தால் நெம்பிப் பார்த்தான். வெந்நீர் டம்ளரில் தலைகீழாக முக்கியும் பார்த்தாயிற்று. மாமன் மீசையோடு சிரித்தபடி விறைத்தே நின்றார். வெள்ளை வேட்டி கட்டிவிடும் ஆசையில் முந்தாநாள் இடுப்புக்குக் கீழே பூசிய பெயின்ட், மூட்டுக்குள் இறங்கிக் காய்ந்து போயிருந்தது.

“என்னங்க, அண்ணன் மன்னார்குடி தாண்டியாச்சாம்!” வாசலிலிருந்து எழில்மொழி குரல் கொடுத்தாள். “உங்க விளையாட்டு இன்னும் முடியலையா?”

“விளையாட்டுன்னு சொல்லாத. உங்க அண்ணன் உக்காரவே மாட்டேங்கிறாரு.”

“அவரு வரட்டும், நான் உக்கார வைக்கிறேன். நீங்க முதல்ல பெட்டியக் கொண்டாந்து மேசையில வைங்க.”

பாபநாசத்தில் வேளாண் அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கும் இளஞ்செழியனுக்கு நாற்பத்திரண்டு வயது. விதை நெல், நாற்றங்கால், இலைச்சுருட்டுப் புழு என்று பகலெல்லாம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் மனிதர்களோடு உட்கார்ந்துவிடுவான். தலை தனி, முடி தனி, கால் தனியாகக் கழற்றி மாட்டுகிற பொம்மைகள். மகள் பரிதிக்கு என்று சொல்லித்தான் வாங்குவான். பரிதி தொட்டால், “கண்ணு, அது அப்பாவோடது, வை” என்பான்.

எழில்மொழி அவனுக்கு ஒதுக்கியது ஷோகேஸில் ஒரே ஒரு தட்டு. அதற்கு மேல் ஒரு அங்குலம் கிடையாது. அதனால் எதையும் சுருக்கிக் கட்டுவதில் தேறியிருந்தான். சோப்பு டப்பாவுக்குள் ஒரு நடவு வயல், டிபன் பாக்ஸ் மூடியில் கும்பகோணம் பஸ்ஸுக்கு முண்டியடிக்கும் கூட்டம். பொம்மைக் காலைச் செருகுகிற அடித்தட்டுக் குமிழ்தான் அவனுக்கு அளவுகோல்; ‘ஒரு ஆள் நிற்க ரெண்டு குமிழ் இடம் போதும்’ என்பது அவன் கொள்கை. வீட்டில் அவனுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இடம்.

இன்று கட்டிக்கொண்டிருப்பது ஷோகேஸுக்கு அல்ல. பரிதியின் காதுகுத்துக்கு.

பரிதிக்கு நாலு வயதாகிறது. பிறந்த வருஷமே குத்தியிருக்க வேண்டிய காது. தள்ளிப் போட்டு ஒரு வயதில் குத்தலாம் என்றிருந்தபோதுதான் புதுமனை புகுவிழா வந்தது. முத்துப்பேட்டையிலிருந்து எழில்மொழியின் அண்ணன் அண்ணாதுரை வேன் நிறைய சீரோடு வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பந்தியில் உட்கார்ந்தவர் பாயசம் வருவதற்குள் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் வண்டியேறிப் போய்விட்டார். அதற்கப்புறம் மூன்று வருஷம் வரத்துப்போக்கு இல்லை. போன் செய்தால் பொண்டாட்டியிடம் கொடுத்துவிடுவார்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் எழில்மொழியின் சித்தப்பா வைரக்கண்ணு. சொந்தத்துக்குள் எங்கே மனஸ்தாபம் என்றாலும் அதன் ஆணிவேர் அவருக்குத் தெரியும்.

“ஃப்ளெக்ஸு! வேற என்ன? மாப்ளையோட தம்பி படம் முதல் வரிசை. அண்ணாதுரை படம் ரெண்டாவது வரிசை, அதுவும் ஓரம். போதாக்குறைக்குப் பந்தக்காரன் ஆணிய மீசையிலயே அடிச்சுட்டான். பாதி மீசையோட தொங்குனா எந்த மனுஷனுக்குத்தான் பொறுக்கும்?”

அன்றிலிருந்து எழில்மொழி ஒரே பிடிவாதம். “எங்கண்ணன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். இல்லாட்டி எம்பொண்ணு காது இப்படியே இருந்துட்டுப் போகட்டும்.” போன மாதம் தாம்பாளத்தோடு தானே முத்துப்பேட்டைக்குப் போய், அழுது, அண்ணனைச் சம்மதிக்க வைத்துவிட்டு வந்திருந்தாள்.

ஆகவே இந்தத் தடவை ஃப்ளெக்ஸ் கிடையாது. ஆனால் வெறும் பந்தல் பார்க்க மொட்டையாக இருந்தது. அப்போதுதான் இளஞ்செழியன் வாயைக் கொடுத்தான்.

“நான் ஒண்ணு கட்டுறேன் எழிலு. ஒன்றரை அடிக்கு ஒரு அடி. மேல கண்ணாடி. பந்தல், வாழமரம், மேளம், நம்ம சொந்தம் முப்பத்திநாலு பேர், எல்லாம் உள்ள. வரவேற்பு மேசையில சந்தனத்துக்குப் பக்கத்துல வச்சுடலாம். எல்லாரும் ஒரே உயரம், ஒரே சிரிப்பு. எவனுக்குக் கோவம் வரும்?”

உலகத்திலேயே சொந்தக்காரர்களைப் பற்றித் தெரியாத ஒரு மனிதன்தான் இப்படிப் பேச முடியும்.

கடைசியில் குறடு எடுத்து மாமன் காலைப் பிடித்து ஒரு அமுக்கு. ‘டக்.’ கால் மடங்கியது. இளஞ்செழியன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மாமனை மணையில் உட்கார வைத்தான். மடியில் பரிதியை வைத்தான். குழந்தைப் பொம்மைக்குக் கால் மடங்காது. அது வழுக்கி வாழைமரத்தடியில் போய் விழுந்தது. மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது.

ஒரு சொட்டுப் பசை வைத்தான். ஒரு சொட்டு என்று நினைத்தது மூன்று சொட்டாக இறங்கியது. குழந்தை மடியோடு ஒட்டியது. மடி மணையோடு ஒட்டியது. ‘நல்லதுதான், ஆடாது’ என்று தன்னைத் தேற்றிக்கொண்டு பெட்டியைத் தூக்கிப் போய் மேசையில் வைத்தான்.

எழில்மொழி குனிந்து பார்த்தாள். முகம் மாறியது.

“எங்கண்ணன் மட்டும் ஏன் குள்ளமா இருக்காரு?”

“உக்காந்திருக்காரும்மா. உக்காந்தா யாரும் குள்ளம்தான்.”

“முப்பத்திமூணு பேரு நிக்கிறாங்க, அவரு மட்டும் அடியில கிடக்காரு. கூட்டத்துல காணாமப் போனவரு மாதிரி இருக்கு. இதைப் பாத்தா திரும்ப மூணு வருஷம்!”

அவள் கண் கலங்கிவிட்டது. இளஞ்செழியன் மணையைப் பெயர்த்து, அடியில் இரண்டு கட்டை அடுக்கி, அதே பசையால் ஒட்டி மாமனை உயர்த்தினான். இப்போது மாமன் சிம்மாசனத்தில் இருப்பதுபோல் ஜம்மென்று இருந்தார்.

வைரக்கண்ணு கற்கண்டை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“இது நான்தானே மாப்ள? வெள்ளத் தாடி?”

“ஆமாம் மாமா.” அது ஒரு மந்திரவாதிப் பொம்மையின் தலை என்பதை அவன் சொல்லவில்லை.

“நல்லாருக்கு. ஆனா அண்ணாதுரை எனக்கு மேல ஒக்காந்திருக்கானே? அவனைத் தோள்ல தூக்கி வளத்தவன் நான். நான் கீழ நின்னு அண்ணாந்து பாக்கணுமா?”

“அவரு தாய்மாமன்ல மாமா…”

“இருக்கட்டுமே. தாய்மாமனுக்குச் சித்தப்பன் யாரு? சரி சரி, நான் ஒண்ணும் சொல்லல. நான் வேணா மேளக்காரனுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிறேன்.”

‘ஒண்ணும் சொல்லல’ என்று அவர் சொன்னால் அடுத்த பத்து வருஷத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறார் என்று அர்த்தம். இளஞ்செழியன் வைரக்கண்ணுவுக்கு அடியில் ஒரு கட்டை வைத்தான். உடனே அவனுடைய அக்கா ராமாயி வந்து நின்றாள்.

“பொண்ணு வீட்டு ஆளுங்களுக்கெல்லாம் மேடை. கூடப்பொறந்த அக்கா தரையில. ஆமா, எந்தலையில என்னடா சட்டி?”

“அது… பொம்பளை முடி தீந்துபோச்சுக்கா. தீயணைப்பு வீரர் தொப்பி.”

“பொறந்த வீட்டுல எனக்கு ஒரு முடி கூட இல்ல!” என்று ராமாயி பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“நீடாமங்கலம் கேட்டுல நிக்கிறாங்களாம்!” என்று எழில்மொழி உள்ளேயிருந்து கத்தினாள். வாழ்நாளில் முதல் தடவையாக இளஞ்செழியன் அந்த ரயில்வே கேட்டை வாழ்த்தினான்.

எல்லாரையும் உயர்த்த அவனிடம் கட்டை இல்லை. எனவே எல்லாரையும் இறக்குவது என்று முடிவு செய்தான். வைரக்கண்ணு இறங்கினார். மாமன் இறங்கவில்லை. பசை அப்படி. ஆட்டினான், திருகினான், பல்லைக் கடித்து ஒரு இழு இழுத்தான்.

மாமன் வந்தார். இடுப்புக்கு மேல் மட்டும். நெஞ்சில் விரிசல், தலை எகிறி மேசையிலிருந்த குத்துவிளக்கின் எண்ணெயில் விழுந்து மீசை வழித்துக்கொண்டு போய்விட்டது. சிம்மாசனத்தில் இரண்டு கால் மட்டும், மடியில் குழந்தையோடு, பயபக்தியாக உட்கார்ந்திருந்தது.

பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். காது குத்தும் பத்தர் ஏற்கெனவே இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

இளஞ்செழியன் உள்ளே ஓடினான். அண்ணாதுரை என்றால் மீசை. மீசை இல்லாத அண்ணாதுரையை அவர் பெற்ற தாயே அடையாளம் சொல்ல மாட்டாள். டப்பாக்களைக் கவிழ்த்தான். சமையல்காரர், விண்வெளி வீரர், டாக்டர், எலும்புக்கூடு, எல்லாம் மழித்த முகம். கடைசி டப்பாவின் மூலையில் ஒரே ஒரு மீசை கிடைத்தது. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை.

திருடன்.

ஒரு நிமிஷம் யோசித்தான். மச்சான் எப்போதும் கூலிங்கிளாஸ் போடுகிறவர்தானே? கண் பட்டையைப் பேனாவால் தீட்டிக் கூலிங்கிளாஸாக்கினான். கோட்டுச் சட்டையை மறைக்க டிஷ்யூ பேப்பரைக் கிழித்துத் துண்டாகப் போர்த்தினான். கால் மேல் செருகினான். ஓடிவந்து, பெட்டியின் மேல்கண்ணாடியை மூடப் போகும்போது தெருமுனையில் மேளச் சத்தம்.

முத்துப்பேட்டை வேன் வந்து நின்றது. சீர்த் தட்டுகள் இறங்கின. அண்ணாதுரை இறங்கினார். ஆறடி, கூலிங்கிளாஸ், மீசை. பின்னால் அவர் மனைவி பூவிழி. எழில்மொழி ஓடிப்போய் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் இளஞ்செழியனைப் பார்த்து, “என்ன மாப்ள” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

குனிந்த இடத்தில் பெட்டி இருந்தது.

அண்ணாதுரை கூலிங்கிளாஸைக் கழற்றினார். முட்டி போடாத குறையாக வளைந்து பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

“இது சித்தப்பாதானே? அடேயப்பா, தவில் வாரைக் கூட விடல. இந்த வாழக்குலை எதுல பண்ணீங்க மாப்ள?”

“பென்சில் சீவல் மச்சான்.” இளஞ்செழியனுக்கு மூன்று வருஷத்தில் இப்படி மூச்சு சீராக வந்ததில்லை.

“பிரமாதம். நான் எங்க?”

பந்தல் மின்விசிறி அந்த நேரம் பார்த்து இந்தப் பக்கம் திரும்பியது. டிஷ்யூத் துண்டு பறந்தது. பேனாவில் தீட்டிய கண்ணாடி, காயாத மையாகக் கன்னத்தில் வழிந்தது. நடுப்பந்தலில், கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சட்டையில், கண் கட்டோடு, மீசையோடு திருடன் உட்கார்ந்திருந்தான்.

அண்ணாதுரை நிமிர்ந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

“இதுதான் நானா மாப்ள?”

“மச்சான், அது வந்து… வேற மீசை கிடைக்கல…”

“சரிதான்,” என்றார் மெதுவாக. “சரிதான்.” திரும்பி நடந்து போய் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மேளம் நின்றது.

“ஃப்ளெக்ஸுல பாதி மீசையத்தான் மறைச்சீங்க,” என்றார் வைரக்கண்ணு. “இப்ப ஆளையே திருடனாக்கியாச்சு. இதுக்கு முப்பது வருஷம் போதாது.”

எழில்மொழி திட்டுவாள் என்று இளஞ்செழியன் காத்திருந்தான். அவள் திட்டவில்லை. பட்டுப்பாவாடையோடு நின்ற பரிதியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, பாய் மேல் உட்கார்ந்து, அந்தக் குத்தாத காது மடலைத் தடவிக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

“எழிலு, எல்லாத்தையும் கொண்டுபோய் குடமுருட்டி ஆத்துல கொட்டிடுறேன். இந்தப் பெட்டி, ஷோகேஸ்ல இருக்கிறது, எல்லாத்தையும். இப்பவே போய் உங்கண்ணன் கால்ல விழுறேன்.”

அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது வேன் கதவு திறந்தது. பூவிழி மட்டும் இறங்கி வந்தாள். முந்தானையைச் சுருட்டி விரித்துச் சுருட்டினாள். யாருக்கும் கேட்காத குரலில் கூப்பிட்டாள்.

“தம்பி.”

“மன்னிச்சுடுங்கக்கா. சத்தியமா வேணும்னு செய்யல…”

“அதில்ல தம்பி, புதுமனைக்கு வந்தன்னிக்கு உங்க ஷோகேஸ்லேருந்து ஒரு பொம்மைய ஜோப்புல போட்டுக்கிட்டு ஓடியாந்துட்டு, உங்க மூஞ்சில முழிக்க வெக்கப்பட்டுத்தான் மூணு வருஷமா இவரு வரல, அதைத் திருப்பிக் கொடுத்துட்டா புள்ளைய மடியில வச்சுக்க விடுவீங்களான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு.”