சம்பந்தியைத் தூண்டிலில் பிடித்த வகை

நாமக்கல்,
தாது வருஷம், ஆவணி மாதம்.

எடப்பாடி மகாராஜராஜஸ்ரீ மச்சான் வேலுமணி அவர்கள் சமூகத்துக்கு, அருணகிரி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் மாடு கன்றுகளும் சௌக்கியம். உங்கள் தங்கை சென்னியம்மாள் நேற்று முதல் என்னோடு பேசாதபடியால் அவள் சௌக்கியத்தைக் கேட்டு எழுத முடியவில்லை.

ஏற்காட்டுத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது தம் தூண்டிலை எனக்குக் கொடுத்தது தாங்கள் அறிந்ததே. புழு கிடையாது, முள்ளில் கோழி இறகைக் கட்டி ஈ மாதிரி செய்து, தண்ணீர்மேல் பூப்போல விழ வீச வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, கோலைக் கடிகாரத்தின் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவே மட்டும் ஆட்ட வேண்டுமாம். முதலில் தரையில் பழகு, பழகும்போது முள்ளை ஒடித்துவிடு என்றும் சொன்னார். ஏரி வறண்டு கிடப்பதால் களத்தில் பழகினேன். முள்ளை மட்டும் ஒடிக்கவில்லை. முள் இல்லாமல் மீன் எப்படி அகப்படும்?

என் மகள் வசந்தாமணிக்குத் தாங்கள் பார்த்த மாப்பிள்ளையின் தகப்பனார் சுப்பையக் கவுண்டர் இருக்கிறாரே, பஞ்சாங்கம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். நேற்று முடிவு சொல்ல வருகிறேன் என்றவர், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இந்தப் பக்கம் நின்ற எனக்குத் தெரியாது. வீசினேன். ஈ போரைத் தாண்டி அவர் வழுக்கைத் தலையில் விழுந்தது. இழுத்தேன், குடுகுடுவென்று ஓடியிருக்கிறது.

"தலையில பல்லி உழுந்துருச்சுங்க. கலகம்னு பஞ்சாங்கத்துல போட்டிருக்குது. இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க" என்று வரவேற்க வந்த உங்கள் தங்கையிடம் சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

உண்மையைச் சொல்லலாம். ஆனால் தண்ணீரில்லாத களத்தில் மீன் பிடிக்கிறவன் வீட்டில் எவன் பெண் எடுப்பான்? அதே பஞ்சாங்கத்தில் வலது தோளில் பல்லி விழுந்தால் ஜெயம் என்றும் இருக்கிறதே. மெல்ல எட்டிப் பார்த்தேன். முழங்கை விலாவில். பத்து. ஒன்று. மச்சான், துரையே பார்த்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார். ஈ அவர் வலது தோளில் பூப்போல உட்கார்ந்தது.

"இப்ப வலது தோளுங்க. ஜெயமுங்க" என்று அவர் மறுபடி கட்டிலில் அமர, உங்கள் தங்கை வெற்றிலைத் தட்டெடுக்க உள்ளே ஓடினாள். நான் அத்தோடு நூலை அறுத்துவிட்டிருக்கலாம். கெட்ட புத்தி, இழுத்தேன். முள்ளில் மாட்டிக்கொண்ட துண்டு போருக்கு மேலே பறந்து வந்து என் முகத்தில் விழுந்தது. துண்டைத் தேடிக்கொண்டு அவரும் வந்தார். கோலைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துண்டைப் பிடுங்கிக்கொண்டு வண்டி ஏறிவிட்டார். அவர் திட்டாததையும் சேர்த்துத் திட்டி முடித்த பிறகுதான் உங்கள் தங்கை பேச்சை நிறுத்தினாள்.

ஆகையால் இதைக் கண்ட கையோடு வண்டி கட்டிப் போய், காலில் விழுந்தாவது சம்பந்தத்தை முடித்து வைக்க வேண்டும். தூண்டிலை அடுப்பில் வைத்துவிட்டேன் என்று சொல்லுங்கள், நாளை வைத்துவிடுகிறேன். அங்கே பெரியவர்களுக்கு என் நமஸ்காரம்; குழந்தைகளுக்கு ஆயுசும் படிப்பும், முடிந்தால் என்னைவிடக் கொஞ்சம் புத்தியும் பெருகட்டும்.

இப்படிக்கு,
அருணகிரி

பின்குறிப்பு: போக வேண்டாம். கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் கவுண்டரே வந்துவிட்டார். கோபமில்லையாம், அந்த வீச்சுதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறதாம். "நகை நட்டு ஒண்ணும் வேண்டாமுங்க சம்பந்தி, சீரோட அந்தத் தூண்டில மட்டும் வச்சுருங்க" என்கிறார். தயவுசெய்து வேறு மாப்பிள்ளை பார்க்கவும்.