இறகு முளைத்த தக்காளிச் செடிகள்

எல்லா அம்பும் இடது பக்கமே போனது. கொல்லைச் சுவரில் அவர் இலக்காகப் பழைய மெத்தையைச் சாய்த்து வைத்திருந்தார். அம்புகள் அதை மதிக்காமல் பக்கத்திலிருந்த துவைக்கும் கல்லில் போய் மோதின.

"திரும்பவும் கல்லா?" சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள்.

"காத்துடி."

"கொடியில துணி அசையவே இல்லியே."

அவர் நாற்காலி செய்கிறவர். செய்தவர் என்று சொல்வதே சரி. நாளைக் காலை அருங்காட்சியகத்தில், ஆதிமனிதன் செய்தது போன்ற அம்பை எய்து காட்ட வேண்டும். இலக்கில் பட்டால் அங்கேயே வேலை. படாவிட்டால் பழைய பட்டறைதான். ஆனால் வேலையை விட்டுக் கிளம்பும்போது அந்த முதலாளியை அவர் பேசிய பேச்சுக்கு, பட்டறை வாசலில் நிழலுக்குக்கூட ஒதுங்க முடியாது.

அம்பில் அவர் குறை வைக்கவில்லை. பச்சைக் கம்பைத் தோலுரித்து, காயவைத்து, தணலில் காட்டி நிமிர்த்தினார். சூட்டில் மரம் இளகும். நேராகப் பிடித்துக்கொண்டே ஆறவிட்டால் அப்படியே நிற்கும். பிளந்த இறகுகளை வாலில் வைத்து நாரால் கட்டினார். மரப்பிசினில் கரித்தூள் கலந்து கல்முனையை ஒட்டினார். கடைசியில் ஒவ்வொன்றையும் இரண்டு முக்காலிகளுக்கு நடுவே வைத்து அழுத்திப் பார்த்தார். வளைந்ததையெல்லாம் தூக்கி எறிந்தார். வளைகிற மரத்தில் யார் உட்காருவார்கள்?

எறிந்ததை மாமியார் பொறுக்கித் தக்காளிச் செடிகளுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். செடிகள் இறகு முளைத்து நின்றன.

கம்பில் ஈரம் இருக்குமோ என்று அம்புகளை மறுபடி தணலில் வாட்டினார். இன்னும் இடது பக்கம் போனது. முனை கனமோ என்று கல்லை உடைத்துச் சிறிதாக்கினார். அம்பு துவைக்கும் கல்லைத் தாண்டி வாளியில் விழுந்தது. நீளம் அதிகமோ என்று ஒரு சாண் நறுக்கினார். அம்பு கிணற்றுக்குள் போனது.

"நல்லவேளை, பக்கத்து வீட்டுக்காரர் ஊர்ல இல்ல," என்றாள் மனைவி. "நாளைக்கு அங்க இடது பக்கம் யாரும் நிக்கவேணாம்னு சொல்லிடுங்க."

"கிண்டல் பண்ணாத. எனக்கு நெஞ்சு அடைக்குது."

அவள் வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பேசாம முதலாளி கால்ல விழுந்துடலாங்க."

அவர் எழுந்து மெத்தையருகே போனார். மெத்தையின் நட்ட நடுவே ஒரு பொத்தலிலிருந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. "இதுல எலி வேற," என்று தலையில் கை வைத்தார்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மாமியார் நிமிராமல் சொன்னார். "அது எலி இல்ல மாப்ள. நான்."

"நீங்களா?"

"நேத்து உங்க மேல செம கோவம். குடும்பத்தை நடுத்தெருவுல விட்டுட்டு வில்லு அம்புன்னு உக்காந்திருக்கீங்களேன்னு. நீங்க கடைக்குப் போனதும், மெத்தையை உங்க மூஞ்சின்னு நெனச்சு அம்பு ஒண்ணு விட்டேன். மனசு ஆறல. அதே எடத்துல இன்னும் ரெண்டு விட்டேன்."

"எந்த அம்பு?"

மாமியார் தக்காளிச் செடியைக் காட்டினார்.

மாப்பிள்ளை ஓடிப்போய் ஒரு முட்டுக்குச்சியை உருவி வில்லில் வைத்துப் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது. அம்பு வில்லின் நடுவில் உட்காருவதில்லை, பக்கத்தில்தான் உட்காருகிறது. நாண் தள்ளும்போது அது மீன்போல நெளிந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நெளியாத அம்பை வில் ஒதுக்கித் தள்ளிவிடும். வாட்டியதும், முனையைக் குறைத்ததும், நறுக்கியதும் அம்பை மேலும் விறைப்பாக்கியிருந்தன. அவர் அந்தக் குச்சியை வளைத்து வளைத்துப் பார்த்தார்.

"என்ன மாப்ள யோசனை? வளையுதுன்னு தூக்கி எறிஞ்சீங்களே, அதுதான் நேராப் போகுது. நாளைக்கு அதையே எடுத்துட்டுப் போங்க. உங்க கெட்டி அம்பையெல்லாம் குடுங்க, செடிக்கு நட்டுக்கிறேன்."