ஜெப ஆலய வாசலில் பதினேழு ஜோடி ஷூக்கள்

விசேஷ வீட்டில் சும்மா நிற்கத் தெரியாத ஆண்கள் சிலர் உண்டு. நான் அந்த ரகம். யார் வீட்டுக் கல்யாணமானாலும் மண்டப வாசலில் நின்று "வாங்க வாங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். (ஒருமுறை பக்கத்து மண்டபத்துக் கூட்டத்தையே உள்ளே அனுப்பிப் பந்தியில் உட்கார வைத்திருக்கிறேன்.)

இந்த வியாதி என் தங்கை கயல்விழிக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அமெரிக்காவில் அவள் இருக்கும் பிளானோ நகரத்திலிருந்து போன் செய்தபோதே கெஞ்சினாள்.

அவள் கணவர் ஆரன் யூதர். இரண்டு வருடம் வாராவாரம் வகுப்புக்குப் போய், நோட்டுப் போட்டுப் படித்து, அவளும் அவர்கள் ஜெப ஆலயத்தில் முறைப்படி சேர்ந்துவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது உறுப்பினர்களை வரவேற்கும் தொழுகை, பிறகு விருந்து. ஈரோட்டில் அப்பா அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில், அதே மாநிலத்தில் கேட்டி என்ற ஊரில் இருந்த நான்தான் மிச்சம்.

"அங்க எல்லாரும் நல்லவங்கதாண்ணா. ஆனா இன்னும் நான் 'ஆரனோட வைஃப்'தான். என் பேரு ஒருத்தர் வாயிலயும் நுழையல. அன்னிக்காவது நல்லபடியா நடக்கணும். நீ வந்து நில்லு, போதும். தயவு செஞ்சு ஹெல்ப் மட்டும் பண்ணிடாத."

நாலரை மணி நேரம் கார் ஓட்டி, ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன். கயலும் ஆரனும் சமையலறையில் விருந்துக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் தொழுகைக் கூடத்தின் வாசலில் நின்றேன். உள்ளே சுத்தமான கம்பளம், எதிரே வேதச் சுருள்கள் இருக்கும் பெட்டி. சாமி இருக்கிற இடத்தில் ஷூவோடு நின்றால் எனக்குக் கால் கூசும். கழற்றிச் சுவரோரமாக விட்டேன். சாக்ஸ் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

முதலில் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். புது உறுப்பினர்கள், முகத்திலேயே பயம் தெரிந்தது. என் ஷூவைப் பார்த்தார்கள், என் காலைப் பார்த்தார்கள்.

"இங்கே கழற்ற வேண்டுமா?" என்று அந்தப் பையன் ஆங்கிலத்தில் கேட்டான்.

(ஒரு கேள்விக்குத் தெரியாது என்று பதில் சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.) "ஆமாம், ஆமாம், இப்படி ஓரமாக விடுங்கள்" என்று கை காட்டினேன்.

அவ்வளவுதான். அடுத்து வந்தவர்கள் மூன்று ஜோடி ஷூக்களைப் பார்த்துத் தாங்களாகவே குனிந்தார்கள். ஒருவருக்குக் கௌபாய் பூட்ஸ் கழலவே இல்லை. நானே தரையில் உட்கார்ந்து இழுத்துவிட்டேன். பதினேழு ஜோடிகளை அளவு வாரியாக அடுக்கியும் வைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

பழைய உறுப்பினர்கள் அப்போதுதான் வரத் தொடங்கினார்கள். எண்பது வயது மிரியம் ஆன்ட்டி உள்ளே எட்டிப் பார்த்தார். பதினாறு புதியவர்கள் வெறும் சாக்ஸோடு, பேசப் பயந்து, தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆன்ட்டி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"யார் இறந்துவிட்டார்?"

யூதர்கள் வீட்டில் துக்கம் காக்கும்போதுதான் ஷூவைக் கழற்றிவிட்டு உட்காருவார்களாம். இது எனக்குத் தெரிந்தது அப்புறம்.

"சாமுவேலா?" என்றார் பின்னால் நின்ற ஒருவர். சாமுவேல் தொண்ணூறு வயதுக்காரர். போன வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர். "ஐயோ, சாமுவேல்!" என்று இன்னொரு குரல் உடைந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவர்களுடைய வாராந்திர ஓய்வுநாள் தொடங்கிவிடும் என்பதால் பெரியவர்கள் யாரும் போனைத் தொடவில்லை. நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்கள். நான் சும்மா இருப்பேனா? மிரியம் ஆன்ட்டியின் தோளைத் தட்டி, "நல்ல மனுஷன், கஷ்டப்படாமல் போய்விட்டார்" என்று ஆறுதல் சொன்னேன். (அந்த மனிதரை நான் கண்ணால் கண்டதில்லை.)

அப்போது வாக்கரைத் தள்ளிக்கொண்டு சாமுவேல் உள்ளே வந்தார்.

மிரியம் ஆன்ட்டி போட்ட அலறலில் தொழுகை நடத்தும் குருவான ரப்பி அம்மா ஓடி வந்தார். ஷூவைக் கழற்றச் சொன்னது யார் என்று கேட்டார். பதினாறு விரல்கள் என்னை நோக்கி நீண்டன.

"நீங்கள்?"

"கயல்விழியின் அண்ணன்."

"யார் கயல்விழி?"

அதற்குப் பிறகு அந்தக் கட்டிடம் முழுக்க அந்தப் பெயர்தான். "கயல்வில்லி எங்கே?" "கயல்விசியைக் கூப்பிடு!" கையில் ரொட்டித் தட்டோடு வந்து நின்றாள் என் தங்கை. ஷூ வரிசையைப் பார்த்தாள், அழுத முகங்களைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷம்ணா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன்.

சாமுவேல் வாக்கரைத் தள்ளிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"இவன் உன் அண்ணனா? நான் போனால் யாரெல்லாம் அழுவார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். இன்றைக்குப் பார்த்துவிட்டேன். டேவிட் மட்டும் அழவில்லை" என்றார்.

"நான் இப்போதுதானே வந்தேன்!" என்று வாசலிலிருந்து டேவிட் கத்தினார். கூடமே சிரித்தது. சாக்ஸோடு இருந்தவர்களும் சிரித்தார்கள். விருந்தில் சாமுவேல் கயலைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, நான் ஆறுதல் சொன்ன அழகை மிரியம் ஆன்ட்டியை மூன்று முறை நடித்துக் காட்டச் சொன்னார்.

இப்போது அந்த விருந்துக்கான அழைப்பில், ஷூவைக் கழற்ற வேண்டாம் என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. நான் எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும் ஈரோட்டிலிருந்து அம்மா, "இன்னைக்கு யாரடா சாகடிக்கப் போற?" என்று கேட்கிறாள். புது உறுப்பினர்களை வரவேற்கும் பொறுப்பு கயலிடம் வந்துவிட்டது.

போன மாதம் நூறாவது தடவையாக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுண்ணா" என்றாள். "அந்த ராத்திரி வீட்டுக்குக் கிளம்பறப்ப மிரியம் ஆன்ட்டி பார்க்கிங் லாட்ல ஆரனைப் பார்த்து என்ன சொன்னாங்க தெரியுமா? 'ஓ, நீதான் கயல்விழியோட ஹஸ்பண்டா'ன்னாங்க."