ஃபியூஸ் கட்டை முதலாளியின் வெளியுறவுக் கொள்கை

இந்தத் துணைக்கண்டத்தில் அண்டை நாடுகளோடு எப்படிப் பழக வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள், விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்துகொண்டிருந்தார். டெல்லியில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பேட்டையிலேயே பெரிய கொட்டகை அவருடையது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘வெளியுறவு’. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் அவரிடம் குமாஸ்தா.

காலை டீயோடு பேப்பரைப் பிரிப்பார். “நேபாளத்துக்கு நம்ம லாரி போவலன்னா அங்க அடுப்பு எரியாது. அது தெரிஞ்ச பெரிய நாடு லாரிய நிறுத்தலாமா?” என்று, நான்தான் நிறுத்தியதுபோல் என்னை முறைப்பார்.

பக்கத்துக் கொட்டகையில் செல்வியக்கா கொலு பொம்மை செய்தார். அவர் களிமண் கழுவும் தண்ணீர் எங்கள் வாசலில் வந்து நிற்கும். சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொன்னால் முடிகிற விஷயம். வெளியுறவு என்னைத் தூதராக அனுப்புவார். நானும் சுற்றிக்கொண்டு போய், “மொதலாளி கவலை தெரிவிக்கச் சொன்னாருங்க” என்பேன்.

“எங்களுக்கும் கவலையாத்தான் இருக்குது, அவர நெனச்சா” என்பார் அக்கா.

பேட்டைச் சங்கச் செயலாளர் சமரசம் பேச வந்தபோது, “இது எங்க ரெண்டு பேரு விவகாரம், மூணாவது ஆளு வரக்கூடாது” என்று வெளியுறவு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கொலுவுக்கு முன் ஒரு சாயங்காலம் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. அக்கா கொட்டகையின் கூரைத் தகடு பறந்துவிட்டது. உள்ளே இருந்தவை இன்னும் சூளைக்குப் போகாத பொம்மைகள். நனைந்தால் வெறும் களிமண். அக்காவுக்கு வருஷப் பிழைப்பே அதுதான். நான் வழக்கம்போல, “கவலை தெரிவிச்சிட்டு வரட்டுங்களா?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“பேசாம வந்து பலகையத் தூக்குய்யா” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே ஓடினார். எங்கள் கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்த ஃபியூஸ் கட்டைகளை வாசலுக்குத் தள்ளி, அந்த இடத்தில் பொம்மைப் பலகைகளை அடுக்கவைத்தார். எங்கள் சரக்கும் வேகாததுதான். கண்ணெதிரே கரைந்தது.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இத எப்பவும் மறக்க மாட்டேண்ணே” என்றார்.

“மறந்துடும்மா. செஞ்சத சொல்லிச் சொல்லித்தான் பெரிய நாடெல்லாம் பக்கத்து நாட்ட தொலைச்சிட்டு நிக்குது.”

மறுநாள் கரைந்த சரக்கைப் பற்றி யார் கேட்டாலும், “மழை” என்று மட்டும் சொன்னார். இலங்கையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர், இதைப் பற்றிக் கடைசிவரை வாய் திறக்கவில்லை. நானும் சொல்லாமல்தான் இருந்தேன். இன்று முடியவில்லை, அவ்வளவு பிடிக்கும் எனக்கு அந்த மனுஷரை.