பாலத்தருகே நிற்கும் காவல்காரன்

மான்குர்டு தாண்டி ரயில் கடற்கழிப் பாலத்தில் ஏறியபோதுதான் ஹரிகிருஷ்ணன் தான் செய்த காரியத்தைக் கவனித்தார். அலுவலகத்து ஜெயராமுக்கு அனுப்ப வேண்டிய கேள்வி, அவர் குடியிருக்கும் செம்பூர் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருந்தது. இருபத்து நான்கு வீட்டுக்காரர்களும் அதில் இருந்தார்கள்.

கேள்வி இதுதான்: "பாலத்தருகே நிற்கும் காவல்காரனைச் சத்தமில்லாமல் கொல்வது எப்படி? ஐந்து நாளாக முயற்சி செய்கிறேன்."

ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஆகவே தமிழர், மராத்தியர், குஜராத்தியர் என்று எல்லா வீட்டுக்கும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் விளங்கிவிட்டது.

கிருஷ்ண குஞ்ச் என்ற அந்தக் கட்டடத்தின் வாசலில் ஒரு நாலா ஓடுகிறது. அந்தச் சாக்கடைக்கு மேலே சின்னதாக ஒரு பாலம். பாலத்தை ஒட்டி ஒரு தகரக் கூண்டு. காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை அந்தக் கூண்டில் பேச்சிராஜா என்ற வாட்ச்மேன் நிற்பார். தாராவியிலிருந்து வருகிறவர், நாங்குநேரிப் பக்கத்துக்காரர். ஹரிகிருஷ்ணன் ஒன்பது வருடமாகக் கட்டடத்தின் செக்ரட்டரி.

ஹரிகிருஷ்ணன் கேட்டது இந்தப் பாலத்தைப் பற்றி அல்ல. அவருடைய பையில், டிபன் டப்பாவுக்கும் குடைக்கும் நடுவில், கையில் பிடித்து விளையாடும் ஒரு கேம் கருவி இருந்தது. வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. வாஷிக்குப் போகிற ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் விளையாடுவதை எட்டிப் பார்த்துக்கொண்டே போய், ஒருநாள் இறங்க வேண்டிய இடத்தை விட்டு நெருல் வரை போய்விட்டார். மறுநாளும் அப்படியே நடந்தது. சொந்தமாக வாங்கிவிட்டால் நேரத்துக்கு இறங்கலாம் என்று முடிவு செய்து வாங்கினார்.

இதை வெளியே சொல்ல முடியாது. போன குடியரசு தினத்தன்று கொடியேற்றிவிட்டு, வீடியோ கேம் என்பது மூளையில் ஏறும் கரையான் என்று இருபத்தைந்து நிமிடம் பேசியவர் அவர். கட்டட வளாகத்தில் யாரும் கேம் விளையாடக் கூடாது என்று லிஃப்டுக்குப் பக்கத்தில் சுற்றறிக்கை ஒட்டி, இரண்டு பிள்ளைகளின் கருவிகளைப் பிடுங்கித் தன் பீரோவில் ஒரு வாரம் பூட்டியும் வைத்திருந்தார். மனைவி ஸ்ரீதேவிக்குக்கூடத் தெரியாது. அவளிடம் சொன்னால் மாடுங்காவில் இருக்கும் தங்கைக்குப் போகும். அதன் பிறகு மாடுங்காவில் தெரியாத ஆள் இருக்க மாட்டார்கள்.

ஜெயராம் ஒருவனுக்குத்தான் தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளெய்ம் பிரிவில் பக்கத்து மேஜைக்காரன். இருபத்தாறு வயது. ஹரிகிருஷ்ணனின் கேள்விகளுக்கெல்லாம் டிபன் வேளையில் அவன்தான் நேரில் பதில் சொன்னான். சார்ஜ் ஏறும்போது விளையாடலாமா என்பதில் ஆரம்பித்த கேள்விகள் இரண்டாவது வாரத்தில் அபிப்பிராயங்களாக வளர்ந்தன. கேமில் வரும் ராஜாவிடம் அத்தனை பெரிய படை இருக்கும்போது தனி ஆளாக ஒருவனை ஏன் அனுப்புகிறார்? கதாநாயகன் கண்ட வீட்டுக்குள்ளும் செருப்போடு நுழைந்து பானைகளை உடைக்கிறானே, வீட்டுக்காரர்கள் ஏன் புகார் கொடுப்பதில்லை? புதையல் பெட்டியைத் திறக்கிறவனிடம் ஒரு கையெழுத்தாவது வாங்க வேண்டாமா? மொத்த விளையாட்டிலும் உருப்படியான பகுதி மீன் பிடிப்பதுதான் என்பது அவருடைய முடிவான கருத்து. ஆனால் மீன் பிடிக்கும் ஏரிக்குப் போக ஒரு பாலத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. பாலத்தருகே ஒரு காவல்காரன் நின்றான்.

ரயிலில் அவசர அவசரமாகச் செய்தியை அழுத்தினார். இரண்டு வழி காட்டியது. எல்லோரிடமிருந்தும் அழிப்பது ஒன்று, தன்னிடமிருந்து மட்டும் அழிப்பது இன்னொன்று. ரயில் ஆடியதில் இரண்டாவதைத் தொட்டுவிட்டார். இப்போது அந்தச் செய்தியைப் பார்க்க முடியாத ஒரே ஆள் அவர்தான்.

வாஷியில் இறங்கியதும், மன்னிக்கவும், தவறான குழு என்று எழுதினார். மூன்றாவது மாடி வந்தனா உடனே பதில் போட்டாள். வந்தனா வக்கீல். கடந்த இரண்டு தேர்தலிலும் செக்ரட்டரி பதவிக்கு நின்று அவரிடம் தோற்றவள்.

"சரியான குழு எது, சார்?" என்று கேட்டிருந்தாள்.

ஹரிகிருஷ்ணன் நடைமேடையில் நின்று யோசித்து, தான் குறிப்பிட்டது நம்முடைய வாட்ச்மேனை அல்ல என்று விளக்கினார். அப்படியானால் பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேனா என்று இரண்டு வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். பதினைந்து நிமிடத்தில் பக்கத்துக் கட்டடத்து செக்ரட்டரி போன் செய்து, தங்கள் ஆள் கேட்டைப் பூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டதாகத் தெரிவித்தார்.

அடுத்தது ஸ்ரீதேவி. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அந்த மனுஷன் உங்களை என்ன பண்ணினார்? அஞ்சு நாளா முயற்சி பண்றேளாமே."

மீட்டிங்கில் இருக்கிறேன், சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். அன்று ஜெயராம் பேலாப்பூர் கிளைக்குப் போயிருந்தான். மத்தியானம் ஹரிகிருஷ்ணன் அதே கேள்வியைச் சரியான ஆளுக்கு, இரண்டு முறை பெயரைப் பார்த்த பிறகு அனுப்பினார். காலையில் நடந்தது நடந்துவிட்டது, ஏரிக்காவது போய்ச் சேரலாம் என்று நினைத்தார்.

சாயங்காலம் செம்பூரில் இறங்கும்போது அவருக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. விளக்கம் சொல்லச் சொல்லத்தான் விஷயம் பெரிதாகிறது. பேச்சிராஜாவிடம் நேராகப் போய் அன்பாக நாலு வார்த்தை பேசினால் எல்லாம் அடங்கிவிடும். ஸ்டேஷனுக்கு எதிரே அரைக்கிலோ மைசூர்பாக் வாங்கிக்கொண்டார். ஒன்பது வருடத்தில் அவர் பேச்சிராஜாவுக்கு வாங்கிய முதல் பண்டம் அது.

பாலத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்தே அவருக்கு எல்லாம் தெரிந்தது. பால்கனிகளில் ஆட்கள் நின்றார்கள். துணி காயப் போடுகிற மாதிரி பலர் நின்றார்கள், யார் கையிலும் துணி இல்லை. பேச்சிராஜா கூண்டுக்கு வெளியே கைகட்டி நின்றார்.

"பேச்சிராஜா," என்றார் ஹரிகிருஷ்ணன். பிறகு, வழக்கத்தில் இல்லாத மரியாதையோடு, "நீங்க பயப்பட வேண்டாம்," என்றார்.

"எப்ப சார்?" என்று கேட்டார் பேச்சிராஜா.

"என்ன எப்ப?"

"இல்ல, நாளைக்கு லீவு சொல்லலாமான்னுதான்."

ஹரிகிருஷ்ணன் டப்பாவைத் திறந்து நீட்டினார். பேச்சிராஜா மைசூர்பாக்கைப் பார்த்தார். பால்கனிகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கட்டிய கையை எடுக்கவில்லை.

"நீங்க மொதல்ல ஒரு துண்டு சாப்பிடுங்க சார்."

"எனக்கு சுகர் இருக்கு," என்றார் ஹரிகிருஷ்ணன். அது உண்மை. ஆனால் உண்மை என்பதற்காக யாரும் அதை நம்பியதாகத் தெரியவில்லை. இரண்டாவது மாடியில் ஒரு ஜன்னல் மூடிக்கொண்டது.

அதற்குள் வந்தனா கீழே இறங்கி வந்துவிட்டாள். செம்பூர் போலீஸ் ஸ்டேஷனில் தனக்குத் தெரிந்தவர்கள் இருப்பதாகவும், அதற்கு முன் அவர் பக்கத்தையும் கேட்பதுதான் முறை என்றும் சொன்னாள். போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் ஹரிகிருஷ்ணனுக்கு, கேம் என்று சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. நிமிர்ந்தால், சுற்றறிக்கையால் கருவியைப் பறிகொடுத்த இரண்டு பிள்ளைகளும் முதல் மாடிக் கம்பியில் முகத்தை வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. சொல்ல முடியவில்லை.

"இது ஆபீஸ் விஷயம்மா. ஜெயராம்னு ஒரு பையன், அவனோட பேசிண்டிருந்தேன். நீயே படிச்சுப் பார்," என்று போனைத் திறந்து அவள் கையிலேயே கொடுத்தார்.

ஜெயராமின் பதில் பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் வந்திருந்தது, ஹரிகிருஷ்ணனே இன்னும் அதைப் படிக்கவில்லை. வந்தனா அதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"கத்தியெல்லாம் வேண்டாம் சார். இனிப்பில் விஷம் வைத்து நீட்டுங்கள். அவனுக்கு இனிப்பு என்றால் உயிர்."

நாலா ஓடும் சத்தம் கேட்டது. ஹரிகிருஷ்ணன் கையிலிருந்த டப்பாவை மூடினார். மூடிய பிறகுதான், மூடியது தப்பு என்று தெரிந்தது.

வந்தனா தன்னுடைய போனை எடுத்தாள். தடுத்தது பேச்சிராஜாதான்.

"போலீஸ் கீலீஸெல்லாம் வேண்டாம் மேடம். சார் தங்கமான மனுசன். ஏதோ மனசு சரியில்ல போல. நான் ஒதுங்கிப் போயிக்கிடுதேன்," என்று சொல்லிவிட்டு, கூண்டிலிருந்த தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

கட்டடமே பதறிப்போனது. தண்ணீர் லாரி எப்போது வரும், எந்த மீட்டர் யாருடையது, எந்த வீட்டுக்கு எந்த கூரியர் என்பதெல்லாம் அந்த ஒரு தலைக்குள்தான் இருந்தது. ஆளாளுக்குக் கீழே இறங்கி வந்து கெஞ்சினார்கள். ஹரிகிருஷ்ணனும் கெஞ்சினார். ஞாயிற்றுக்கிழமை வருடாந்தரக் கூட்டம் இருக்கிறது, அதில் பேசித் தீர்க்கலாம், அதுவரை இருக்க வேண்டும் என்று முடிவானது. பேச்சிராஜா யோசித்து, சரி என்றார்.

மறுநாள் காலை ஹரிகிருஷ்ணன் வீட்டுச் சமையலறையில் கத்தியும் இல்லை, அரிவாள்மணையும் இல்லை. எங்கே என்று அவர் கேட்கவில்லை, ஸ்ரீதேவியும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கப் பருப்புத் துவையலும் அப்பளமும் சாப்பிட்டார்கள். தைரியம் வந்து இரண்டு முறை அவளிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். இரண்டு முறையும் அவள், "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், நன்னா ஓய்வெடுங்கோ," என்று பயந்த குரலில் சொல்லிக் கதவருகே நகர்ந்துவிட்டாள்.

அவரை உண்மையாகவே வாட்டியது பேச்சிராஜாவின் முகம். காலையில் ஆபீஸுக்குப் போகும்போது அந்த ஆள் இரண்டடி பின்னால் தள்ளி நின்று கும்பிட்டார். ஒரு அப்பாவி மனிதன் தன்னால் உயிர்ப்பயத்தோடு வேலை பார்க்கிறான் என்ற நினைப்பில் ரயிலில் கருவியை வெளியே எடுக்கவும் மனம் வரவில்லை. நான்கு நாள் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போய், நான்கு நாளும் வாஷியில் சரியாக இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். பேச்சிராஜாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மூன்று வருடம் முன்பு செக்ரட்டரிக்கு எழுதிக் கொடுத்த மனுவின் நகல். பரிசீலிக்கப்படும் என்று ஹரிகிருஷ்ணன் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். கூண்டுக்கு மின்விசிறி, உட்கார நாற்காலி, மழை ஒழுகாத கூரை, தரைத்தளக் கழிப்பறையின் சாவி, ஞாயிறு விடுமுறை.

ஹரிகிருஷ்ணன் எழுந்து எல்லாவற்றையும் தானே முன்மொழிந்தார். நாற்காலிக்கு ஒரு மெத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். எதிர்த்து ஒரு கை உயரவில்லை.

அடுத்து செக்ரட்டரி தேர்தல். வந்தனா எழுந்து, தான் காலையில் கோர்ட்டுக்குத் தனியாகப் போய்வருகிறவள், வயதான தாயார் வேறு வீட்டில் இருக்கிறார் என்று சொல்லிப் பெயரை வாபஸ் வாங்கினாள். வேறு யாரும் நிற்கவில்லை. அந்தக் கட்டடத்தின் வரலாற்றில் முதல்முறையாக ஹரிகிருஷ்ணன் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. முன்வரிசையில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

பத்து நாளில் கூரை மாறியது, மின்விசிறி வந்தது. எல்லாம் அடங்கிவிட்டது. ஆனாலும் பேச்சிராஜா அந்த இரண்டடியைக் குறைக்கவில்லை. ஹரிகிருஷ்ணனால் அதைத் தாங்க முடியவில்லை. ஊர் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும், இந்த ஒரு மனிதனுக்காவது உண்மை தெரிய வேண்டும் என்று ஒரு திங்கட்கிழமை காலை கூண்டுக்குள்ளேயே போய்விட்டார்.

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பேச்சிராஜா மெத்தை போட்ட நாற்காலியிலிருந்து எழுந்தார். உட்காருங்க என்று சொல்லி, டிபன் டப்பாவுக்கு அடியிலிருந்து கருவியை எடுத்து அவர் கையில் வைத்தார் ஹரிகிருஷ்ணன். திரையில் ஏரியும் பாலமும் காவல்காரனும் தெரிந்தன.

"இவனைத்தான் நான் கேட்டேன், பேச்சிராஜா. இது வெறும் விளையாட்டு. உங்களை அல்ல. என் மானம் போயிடுமேன்னு உங்களை இத்தனை நாள் பயத்துல வெச்சிருந்தேன். என்னை மன்னிச்சுடுங்கோ."

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பேச்சிராஜா திரையைச் சட்டை நுனியால் துடைத்து, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இந்த மொதப் பாகத்த நான் போன தீவாளிக்கே போன்ல முடிச்சிட்டேன் சார்," என்றார். "ரெண்டாவது பாகத்தையும் வாங்கி வெளையாடுங்க, அதுல காவல்காரனுவ ஏழு பேரு."