ஒரு நாள் பிந்திய வாழைக்காய்

நான் ஒரு கப்பலைத் தவறவிட்டவன். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ரயிலைத் தவறவிட்டவர்கள் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். கப்பலைத் தவறவிட்டவன் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான். அதில் ஏற வேண்டியது நான்கூட இல்லை, ஒரு கண்டெய்னர் நிறைய வாழைக்காய். (நானே ஏறிப் போயிருந்தால் பல பேர் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.)

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் எங்கள் புதுக்கோட்டையிலிருந்து (பெரிய புதுக்கோட்டை இல்லை) தினமும் பஸ் பிடித்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் ஆபீஸ் ஒன்றுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எந்தக் கப்பல் எப்போது வருகிறது, அதற்கான கண்டெய்னரை எந்தத் தேதிக்குள் துறைமுகத்துக்குள் விட வேண்டும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது எங்கள் வேலைகளில் ஒன்று. அந்தக் கடைசித் தேதிக்கு ‘கட்-ஆஃப்’ என்று பெயர். அது தாண்டினால் கேட்டில் சாமியே வந்து சிபாரிசு செய்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.

இந்த வேலையை அந்தோணி அண்ணாச்சி இருபது வருடமாகச் செய்துவந்தார். கப்பல் கம்பெனிகள் அனுப்பும் பட்டியலைப் பார்த்து, சுவரில் இருந்த கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவார். பிறகு ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, “இன்ன தேதி, இன்ன கிழமை, பிந்திராதிய” என்று சொல்வார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். நான் அப்போதுதான் யூட்யூபைப் பார்த்துப் பைத்தான் கற்றுக்கொண்டிருந்தேன். (மூன்று வாரம். அதில் ஒரு வாரம் வைரல் காய்ச்சல்.)

ஒரு புரோகிராம் எழுதினேன். பட்டியலைத் தானே படிக்கும். தேதிகளை எங்கள் முதலாளியின் எக்செல் படிவத்தில் தானே எழுதும். அதிலிருந்து எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் தானே செய்தி அனுப்பும். முதல் தடவை ஓட்டிக் காட்டியபோது ஆபீஸே கூடி நின்றது. திரையில் வந்த கப்பல்கள் எல்லாம் நான்கு வருடம் கழித்து வருவதாக இருந்தன.

“ஏலே, இந்தக் கப்பல் வாரதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிருவம்லா” என்றார் அந்தோணி அண்ணாச்சி.

எனக்கு முகம் செத்துப்போய்விட்டது. எக்செல் தேதியைத் தேதியாக வைத்திருப்பதில்லை. ஏதோ ஒரு பழைய நாளிலிருந்து அந்தத் தேதிவரை எத்தனை நாள் என்று எண்ணி, அந்த எண்ணைத்தான் வைத்திருக்கும். சாதாரணமாக அந்த எண்ணிக்கை 1900இல் தொடங்கும். என் புரோகிராமும் அப்படித்தான் எண்ணியது. ஆனால் முதலாளியின் படிவம் ஒரு பழைய மேக் கம்ப்யூட்டரில் பிறந்தது. அந்த மாதிரிக் கோப்புகள் 1904இலிருந்து எண்ணும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று நான் செய்தது ஒன்றே ஒன்று. வருடத்தில் நான்கைக் கழி என்று புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். கப்பல்கள் எல்லாம் நல்ல பிள்ளைகளாக இந்த வருடத்துக்குத் திரும்பிவந்தன.

வித்தியாசம் சரியாக நான்கு வருடமாக இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அது நான்கு வருடமும் ஒரு நாளும். அந்த ஒரு நாளை நான் பார்க்கவில்லை.

பார்க்கவில்லை என்பதுகூடப் பொய். பார்த்தேன். சோதனை செய்யாமல் விடக்கூடாது என்று என் பிறந்தநாளைப் போட்டுப் பார்த்தேன். இங்கே எங்கள் வீட்டு வழக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடச் சான்றிதழில் நான் பிறந்தது பதினான்காம் தேதி. அம்மாவைக் கேட்டால் பதினைந்து, விடியக்காலம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா ஒரு நாள் மாற்றிச் சொல்லிவிட்டாராம், வாத்தியாரும் எழுதிக்கொண்டாராம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா பதினைந்தாம் தேதிதான் பாயசம் வைப்பாள். நான் புரோகிராமில் பதினான்கு என்று அடித்தேன். எக்செலில் பதினைந்து என்று வந்தது.

ஒரு நிமிடம் யோசித்தேன். பழக்கதோஷத்தில் அம்மா தேதியை அடித்துவிட்டேன் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். உலகத்தில் வேறு யாருக்கும் வராத சந்தேகம், வேறு யாருக்கும் கிடைக்காத சமாதானம்! இன்னொரு தேதியைப் போட்டுப் பார்த்திருக்கலாம். டீ ஆறிக்கொண்டிருந்தது, எழுந்து போய்விட்டேன்.

சாயங்காலம் வீட்டில் சும்மா இருக்க முடியாமல், “எம்மா, கம்ப்யூட்டரே ஒந் தேதியத்தான் சொல்லுது” என்றேன்.

“பின்னே! பெத்தவளுக்குத் தெரியாதா, அந்த வாத்தியாருக்குத் தெரியுமா?” என்று அம்மா அன்றைக்கே பாயசம் வைத்தாள். இரண்டு டம்ளர் குடித்தேன்.

மறுநாள் ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைத்து, நடுவில் ‘வாட்ஸ்அப் பார்க்கவும்’ என்று பெரிதாக எழுதினேன். அந்தோணி அண்ணாச்சி ரோஷக்காரர். சாக்பீஸ் டப்பாவை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அதன்பிறகு கப்பல் பட்டியலை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாரும் பழைய ஆட்கள். கப்பல் கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டுக்கொள்வார்கள். என் செய்தியைப் படிக்காமலே ‘குட் மார்னிங்’ என்று பதில் போட்டவர்கள் உண்டு. என் செய்தியை முழுசாகப் படித்து, முழுசாக நம்பியவர் ஒரே ஒருவர். அவர் என் தாய்மாமா.

மாமாவுக்கு ஏரல் பக்கத்தில் ஆற்றங்கரையில் வாழை. வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவருடைய பல வருடத்து ஆசை. துபாயில் ஒரு ஆளைப் பிடித்து, முதலில் ஒரு கண்டெய்னர் அனுப்பிக் காட்டுங்கள், சரியாக வந்தால் மாதாமாதம் எடுக்கிறேன் என்று வாக்கு வாங்கியிருந்தார். ஒரு ஆள் தோட்டம் ஒரு கண்டெய்னருக்குக் காணாது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேரை இரண்டு வருடமாகக் கெஞ்சிக் கூட்டுச் சேர்த்தார். “என் மருமவன் ஹார்பர்லதான் இருக்கான். அவன் பாத்துக்கிடுவான்” என்பதுதான் அவர் சொன்ன கடைசி தைரியம்.

வாழைக்காய்க்குப் பொறுமை கிடையாது. காய் முற்றும் முன்னே வெட்டி, சீப்பு சீப்பாகப் பிரித்துக் கழுவி, பெட்டியில் அடுக்கி, குளிர் கண்டெய்னரில் ஏற்றி, உடனே கப்பலைப் பிடிக்க வேண்டும். ஆகவே வெட்டும் நாள் முழுக்க முழுக்க என் செய்தியை வைத்தே முடிவானது. மாமா போன் செய்து ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார்.

“மருமவனே, தேதி உறுதிதான?”

“மாமா, இது மனுசன் எழுதினது இல்ல. கம்ப்யூட்டர் எழுதினது.”

“அப்பச் சரி” என்றார் மாமா.

கண்டெய்னர் வந்த அன்று காலையில் நானும் கேட்டுக்குப் போயிருந்தேன். மாமா லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். கண்டெய்னர் கதவில் பூமாலை, லாரி முகப்பில் எலுமிச்சம்பழம், மாமா மடியில் ஏரலில் வாங்கிய லட்டு டப்பா. கேட்டில் இருந்தவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இது நேத்தே முடிஞ்சிட்டே, தம்பி.”

“இல்ல சார், இன்னைக்குத்தான் கட்-ஆஃப்” என்றேன். குரலில் அப்படி ஒரு உறுதி! செல்போனை எடுத்து நானே அனுப்பிய செய்தியை அவருக்கே காட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. “கப்பல் கட்டவுத்துக் கெளம்புதே, அங்கன பாருங்க” என்று கையை நீட்டினார். மாமாவும் லாரியிலிருந்து இறங்கி வந்து, நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார்.

“அதா நம்ம கப்பல்?” என்று கேட்டார். “நல்லாத்தான் இருக்கு.”

ஆபீஸுக்கு ஓடினேன். பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் போன் போட்டோம், காரியம் நடக்கவில்லை. அந்தோணி அண்ணாச்சி மேசை இழுப்பறையைத் திறந்து சாக்பீஸை எடுத்து, என்னுடைய ‘வாட்ஸ்அப் பார்க்கவும்’ மேலேயே உண்மையான தேதியை எழுதினார். அதற்குப் பக்கத்தில் கிழமையையும் எழுதினார். என் செய்தியில் கிழமை இல்லை. பட்டியலில் இருந்த கிழமையை அப்படியே சேர்த்திருந்தால், தேதியோடு ஒட்டவில்லையே என்று யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். நான் உட்கார்ந்து என் பிறந்தநாளை மறுபடி அடித்தேன். ஒன்று, நான்கு என்று விரலைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். பதினைந்து வந்தது.

அடுத்த கப்பலுக்குப் பத்து நாள். அதைச் சொன்னதும் துபாய்க்காரர் மரியாதையாகவே பேசினார். பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் பிறகு வரவே இல்லை. பெட்டிகள் ஏரலுக்கே திரும்பிப் போயின. ஐந்து தோட்டத்துக் காய்களும் ஒரே சமயத்தில் மஞ்சளாகத் தொடங்கின. சந்தைக்காரர்கள் எடுத்தது போக மிச்சத்தை யார் தலையில் கட்டுவது? எங்கள் உறவு முழுக்க ஒரு மாதம் வாழைப்பழம்தான். பழப் பணியாரம், பழப் பச்சடி, பழ அல்வா என்று அத்தை செய்யாத பலகாரம் இல்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. ஆளுக்கொரு சீப்பு என் கையில் கொடுத்துத் தின்னச் சொன்னார்கள். நானும் ஒரு பிராயச்சித்தம் போலத் தின்றேன். (வயிறு தன் பங்குக்குத் தனியாகத் தண்டித்தது.)

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் எனக்கு மட்டும் ஒரு நாள் முந்திய தேதிதான். காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ, “அவன்ட்ட முந்தின நாளச் சொல்லு, சரியா வந்துருவான்” என்பார்கள். மாமா மகள் கல்யாணத்துக்கு எனக்கு வந்த பத்திரிகையில் மட்டும், அச்சடித்த தேதியைப் பேனாவால் அடித்து, முந்தின நாளை எழுதியிருந்தது. மாமாவின் கையெழுத்து.

நானும் வீம்புக்கு அந்த முந்தின நாள் காலையிலேயே மண்டபத்துக்குப் போனேன். ஒரு ஈ காக்கை இல்லை. மாமா மட்டும் வாசலில் குலை தள்ளிய வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்.

“வந்துட்டியா? இங்கன வந்து பிடி” என்றார்.

மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா கயிற்றைச் சுற்றினார். ஆறு வருடமாகக் கேட்க நினைத்து, கேட்கப் பயந்ததை அப்போது கேட்டேன்.

“மாமா, இன்னொரு தடவை அனுப்பிப் பாக்கலாமா? கப்பல் கம்பெனிக்கு நானே நேர்ல போய்க் கேட்டுட்டு வந்து சொல்லுதேன். கிழமையோட.”

மாமா முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினார்.

“அனுப்பலாம் மருமவனே. மொதல்ல அந்த நாலு பேரும் நாளைக்குக் கல்யாணத்துக்கு வாராங்களான்னு பாப்போம்.”

கூட்டுச் சேர்ந்த அந்தத் தோட்டக்காரர்கள் மாமாவோடு முகம் கொடுத்துப் பேசி ஆறு வருடமாகிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. யாரும் சொல்லவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமா பார்க்காத மாதிரி அடுத்த மரத்தைத் தூக்கப் போனார்.

மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். மாமா ஒவ்வொருவரையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முதல் பந்தியில் உட்காரவைத்தார். நாலாவது ஆளுக்காகப் பக்கத்தில் ஒரு இலை போட்டு வைத்திருந்தார். சாம்பார் வந்தது, ரசம் வந்தது, அந்த இலையில் யாரும் உட்காரவில்லை.

“ஏலே மருமவனே,” என்று மாமா பந்தி முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார், “அந்த நாலாவது ஆளுக்கும் நீதான் தேதி சொன்னியா?”

பந்தியே சிரித்தது. வந்திருந்த மூன்று பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மாமாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், வாசலைப் பார்த்தபடி.