ஐந்து வருடப் பிரிவினை அனுபவம்

ஒரு எண்ணெய்க் கிணற்றைக்கூடக் கண்ணால் காணாமலே, எண்ணெய்க் கிணற்று நிபுணன் என்று கையெழுத்துப் போட்டவன் நான். (கையெழுத்து மட்டுந்தான் என்னுடையது. மிச்சமெல்லாம் அத்தான் எழுதியது.)

சண்டைக் காலம். எனக்கு இருபத்தாறு வயது. வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு, மட்டக்குளியில் ஒரு தேங்காயெண்ணெய் மில்லுக்குப் போய் வந்தேன். எண்ணெய் வடிகட்டும் இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுவது என் வேலை. கொழும்பில் என் வயதுத் தமிழ்ப் பெடியன் செய்யக்கூடிய ஆகச் சிறந்த காரியம் கொழும்பை விட்டுப் போவதுதான் என்று அக்கா நம்பினாள். இரண்டு தரம் சுற்றிவளைப்பில் என்னைப் பிடித்துக்கொண்டு போக, இரண்டு தரமும் அவள் பொலிஸ் வாசலில் நாள் முழுக்க நின்று மீட்டு வந்திருந்தாள். மூன்றாம் தரம் தன்னால் நிற்க ஏலாது, கால் உளைகிறது என்று முன்கூட்டியே அறிவித்தும் விட்டாள்.

அப்போதுதான் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. வளைகுடா நாடொன்றில் ஒரு கிழட்டு எண்ணெய் வயல். கிணற்றிலிருந்து எண்ணெய், தண்ணீர், வாயு மூன்றும் ஒன்றாகக் கலந்துதான் மேலே வரும். அவற்றைப் பிரிக்கப் பெரிய உருளைத் தொட்டிகள் இருக்கும். அந்தப் பழைய தொட்டிகளைப் புதுப்பிக்க ஆட்கள் தேவையாம்.

அத்தான் ஒரு கந்தோரில் கிளாக்கர். டைப்ரைட்டரின் முன் உட்கார்ந்தால் அவருக்கு உலகத்தில் முடியாத காரியமில்லை.

"நீ மில்லில என்ன செய்யிறனி?"

"எண்ணெயில இருந்து சக்கை, தண்ணியைப் பிரிக்கிறது."

"எத்தினை வருசம்?"

"அஞ்சு."

"பிறகென்ன!" என்றவர், 'செபரேஷன் துறையில் ஐந்து வருட அனுபவம்' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அடித்து, அடியில் இரண்டு கோடும் போட்டார். நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டு விட்டார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு ஏஜென்சிக் கந்தோர்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குள் இருந்த விஞ்ஞானி விடவில்லை. கையோடு ஒரு மாதிரி செய்து கொண்டுபோய்க் காட்டினால் அசந்து போவார்கள் என்று தோன்றியது. பெரிய பால்மா டின் ஒன்றை எடுத்துக்கொண்டு பாமன்கடையில் தகர வேலை செய்யும் முஸ்லிம் நானாவிடம் போனேன். பக்கத்தில் ஒரு குழாய் உள்ளே போக. மேலே வாயுவுக்கும் நடுவில் எண்ணெய்க்கும் கீழே தண்ணீருக்குமாக மூன்று குழாய் வெளியே வர. நானா பற்றவைத்து முடித்துவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, கோவிக்க வாணாம். இதப் பாக்கக்கொள எனக்கே பயமா ஈக்கி. ரோட்டால கொண்டு போகவா போறீங்க?"

நான் சிரித்தேன். (அந்த மனுசனின் காலில் விழுந்திருக்க வேண்டும்.)

அக்காவின் குசினியில் பரிசோதனை நடந்தது. தேங்காயெண்ணெயையும் தண்ணீரையும் கலந்து, தேக்கரண்டி தேக்கரண்டியாக ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் நடுக்குழாயால் எண்ணெய், கீழ்க்குழாயால் தண்ணீர். அக்கா கை தட்டினாள். அத்தான், வயலை எனக்கே எழுதித் தந்துவிடுவார்கள் என்றார்.

மறுநாள் காலை நேர்முகப் பரீட்சைக்கென்று டின்னை பாக்கில் வைத்துக்கொண்டு, கொட்டாஞ்சேனை வழியாகப் போகும் மட்டக்குளி பஸ் ஏறினேன். கோட்டையைத் தாண்டியதும் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு ஆமிக்காரன் என் பாக்கைத் திறந்தான். நாலு பக்கமும் குழாய் நீட்டிய உருளை ஒன்று அவனைப் பார்த்தது. அடுத்த கணம் வீதியில் நானும் பாக்கும் மட்டுமே நின்றோம். பஸ் டிரைவர் ஓடிய வேகத்தை அவருடைய பஸ் ஒருநாளும் எட்டியதில்லை.

"மொகக்த மேக்க?" என்று மதிலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. என்ன இது என்கிறான். கைகளைத் தூக்கிக்கொண்டு, எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் திரட்டினேன். எண்ணெய், தண்ணீர் என்பதற்கான சொற்கள் பயத்தில் பறந்து விட்டன. மிஞ்சியது ஒன்றே ஒன்று.

"வென் கரன்ன, சேர்! வென் கரன்ன!"

பிரிக்கத்தான் சேர், பிரிக்கத்தான்! ஒரு தமிழ்ப் பெடியன், அந்தக் காலத்தில், நடுவீதியில் நின்று கத்தக்கூடிய சொல்லா அது?

ஒரு மணித்தியாலத்தின் பின் பொலிஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றேன். டின்னைக் குண்டு நிபுணர்கள் பார்த்து, வெறும் டின் என்று சொல்லியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் என் விண்ணப்பத்தை வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு கோடு போட்ட இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். (ஆங்கிலத்தில் பிரித்தலுக்கும் பிரிவினைக்கும் அந்த ஒரே சொல்தான்.)

"செபரேஷனில் ஐந்து வருட அனுபவமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "எந்த இடத்தில்?"

"மட்டக்குளியில், சேர்."

"மட்டக்குளியிலுமா? எந்த முகாம்?"

"தேங்காயெண்ணெய் மில், சேர்."

மூன்றாம் தரம் அக்கா வரமாட்டாள் என்பது நினைவுக்கு வந்தது. எண்ணெய் வயல், தொட்டி, குழாய் என்று அழாத குறையாக விளங்கப்படுத்தினேன். அவர் யோசித்துவிட்டு, "சரி, பிரித்துக் காட்டு" என்றார்.

ஸ்டேஷன் குசினியிலிருந்து ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் வந்தது. ஒரு சார்ஜன்ட் அதைத் தண்ணீர் வாளியில் கொட்டிக் கலக்கினார். "மெதுவாக, சேர்" என்று நான் சொல்ல முன்னமே அரை வாளியைக் குழாய்க்குள் கவிழ்த்தார். டின் ஒருமுறை விக்கியது. பிறகு மூன்று குழாயாலும் ஒரே கலங்கல் பீறிட்டு என் சேர்ட்டிலும் சார்ஜன்டின் சப்பாத்திலும் ஊற்றியது.

இன்ஸ்பெக்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தில் சிங்களத்தில் எதையோ எழுதி, ஆங்கிலத்தில் எனக்கு வாசித்தும் காட்டினார்: "சோதிக்கப்பட்டது. இவரால் எதையும் பிரிக்க முடியாது." என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். எண்ணெய்க் கம்பெனியிலிருந்து வந்திருந்த கேரளத்து எஞ்சினியர் மட்டும் கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எண்ணெய் சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்து, "நேரே வயலிலிருந்து வருகிறீரா?" என்றார். பொய் சொல்லும் சக்தி என்னிடம் மிச்சமிருக்கவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்காமல் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"வீட்டில் பிரிந்தது ஸ்டேஷனில் ஏன் பிரியவில்லை?"

"டின் சின்னன், சேர். வீட்டில் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றினேன். அங்கே வாளியோடு கவிழ்த்துவிட்டார்கள். எண்ணெய் மேலே மிதந்து வர அதற்கு நேரம் கிடைக்கவில்லை. உள்ளே போகிற வேகத்தைத் தடுக்க வாயிலில் ஒரு தகடாவது வைத்திருக்க வேண்டும்."

அவர் கடதாசிகளைக் கீழே வைத்தார். தங்கள் தொட்டிகளுக்கும் அதே வியாதிதான் என்றார். வயல் கிழடாகக் கிழடாகத் தண்ணீர் கூடிக்கொண்டே போகும். தொட்டியோ அதே பழைய தொட்டி. புதிது வாங்குவதற்குப் பதில், உள்ளே தகடுகளை மாற்றித்தான் சமாளிக்கப் போகிறார்களாம்.

வேலை கிடைத்தது. நிபுணன் வேலை அல்ல. நிபுணனுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் வேலை. அதிலேயே ஒன்பது வருடம் பாலைவனத்தில் ஓட்டினேன்.

இன்ஸ்பெக்டர் எழுதிய வசனத்தை மட்டும் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. அத்தானின் சகோதரர்கள் காணிப் பங்குக்கு அடிபட்டபோது, "என்ர மச்சானை மட்டும் கூப்பிடாதையுங்கோ, அவன் கை வைச்சால் ஒண்டும் பிரியாது, பொலிசே எழுதியிருக்கு" என்றார் அத்தான். போன மாதம் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். தாலித் தட்டை ஆர் எடுத்துக் கொடுக்கிறது என்று ஐயர் கேட்க, மண்டபத்தில் எத்தனையோ பெரியவர்கள் இருக்க, அக்கா என்னைப் பிடித்து முன்னுக்குத் தள்ளினாள்.

"இவன்தான் ஐயா. இவன் குடுத்தால் ஒருக்காலும் பிரியாது."

ஐயருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் தட்டை இரண்டு கையாலும் பிடித்து, எதற்கும் மிக மெதுவாகவே நீட்டினேன்.